வைரஸ் எடுத்த மாப்பிள்ளை

உயிரோடு இருந்த ஒரு மனிதருக்கு நான் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்திருக்கிறேன். எட்டடிக்கு ஆறடி. மாலை போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, அவர் தினமும் நடந்து போகும் தெருமுனையிலேயே கட்டவும் வைத்தேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. என் மாமனார் வீட்டில் அதைப் பேசாமல் ஒரு விசேஷமும் முடிந்ததில்லை. பேச்சு ஆரம்பித்ததும் நான் எழுந்து கை கழுவப் போய்விடுவது வழக்கம். இந்த ஒரு தடவை நானே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். பெண் பார்க்கப் போனபோது தரகர் என்னைக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று அறிமுகம் செய்தார். நான் திண்டிவனத்தில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடையில் கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மறுத்துச் சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் கேசரித் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். (வாயில கேசரிய வெச்சிக்கிட்டு எப்படிங்க உண்மை பேசறது?)

மாமனார் ஏழுமலை ஒரு காலத்தில் மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு, புதுச்சேரி மூலக்குளத்தில் தன் வீட்டு முன்னறையில் பேனர் டிசைன் கடை போட்டார். கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கேதான் உருவாகும். கடையில் வெறும் டிசைன்தான். அதைத் தட்டாஞ்சாவடியில் ஒரு பிரிண்டிங் கடைக்கு அனுப்பிவிட்டால் அவர்களே ஃபிளெக்ஸ் அடித்து, ஆள் வைத்து, சொன்ன இடத்தில் கட்டிவிட்டுப் போவார்கள்.

கல்யாணமாகி நாற்பதாவது நாள் நானும் என் மனைவி கவிதாவும் அங்கே விருந்துக்குப் போயிருந்தோம். புது மாப்பிள்ளை சொல்லை அந்த வீட்டில் யாரும் தட்டமாட்டார்கள். முதல் நாள் சாம்பாரில் உப்பு குறைவாக இருந்தது. மரியாதைக்காக, ‘உப்பு கம்மியா இருந்தா உடம்புக்கு நல்லதுதான்’ என்று சொல்லிவைத்தேன். அடுத்த மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் உப்புப் போட்டுச் சாப்பிடவில்லை. என் தலைக்குள் ஏதோ ஏறியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் காபி டம்ளரோடு முன்னறைக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பெட்டியின் நெற்றியில் அப்படியே இருந்தன. மேலே காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று. திரையின் வலது மூலையில் முருகர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பக்தி என்று நினைத்தேன். உட்கார்ந்து பார்த்தபிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த மூலையில் அடிக்கடி விளம்பரமாக ஒரு வெள்ளைக்காரப் பெண் தோன்றி, இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் தனியாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்கள் நடமாடும் வீடு. மாமனார் முருகரை வைத்து அவளை மறைத்திருந்தார்.

“மாமா, இதுல வைரஸ் இருக்குது” என்றேன்.

“தெரியும் மாப்ள. வர்றவன்லாம் பென்டிரைவ சொருவுறான். அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்குது, நான் பாட்டுக்கு வேலை செய்றேன்.”

“அப்படியெல்லாம் விடக்கூடாது மாமா. நான் எடுத்துடறேன்.”

அவர் முகத்தில் ஒரு கலவரம் தெரிந்தது. அந்த ஃபோல்டர்களில் பதினான்கு வருட வேலை இருந்தது. வாடிக்கையாளர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர், உள்ளே அவர் குடும்பத்தார் முகங்கள். ஆனாலும் மாப்பிள்ளை சொல்லிவிட்டார். “செய்ங்க மாப்ள” என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தை மட்டும் பத்திரமாக எடுத்து ஜன்னலில் வைத்தார்.

உள்ளே போய்ப் பார்த்தால் ஆன்டி வைரஸே மூன்று இருந்தது. ஒரே கடைக்கு மூன்று வாட்ச்மேன் வைத்து, மூவரும் ஒருவரையொருவர் திருடன் என்று பிடித்து வைத்திருந்தார்கள். மூவரையும் அனுப்பிவிட்டு நான்காவதாக ஒன்றை இறக்கினேன். அது தட்டச்சு செய்வதையெல்லாம் எங்கோ அனுப்பிக்கொண்டிருந்த ஓர் உளவு புரோகிராமைக் கண்டுபிடித்தது. எந்த நாட்டுக்காரனோ உட்கார்ந்து, மூலக்குளத்தில் எந்தக் குழந்தைக்கு எந்தத் தேதியில் காது குத்து என்று வருடக்கணக்காகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். அதையும் துரத்தினேன். வெள்ளைக்காரப் பெண்ணும் போனாள். அந்த நிமிடத்தில் எழுந்திருந்தால் நான் இன்று மரியாதையுள்ள மனிதன்.

ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாறியிருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் சின்ன அம்புக்குறி. தட்டினால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு போனால் போகிறதென்று உள்ளே இருப்பதைக் காட்டும். இவையெல்லாம் வைரஸ் என்று ஆன்டி வைரஸ் சொல்லியது. அழிக்கவா என்று கேட்டது. அழி என்றேன். ஃபோல்டர் இருந்த டிரைவ் துடைத்துவிட்டது போல் காலியானது. ஆனால் இடம் மட்டும் முக்கால்வாசி நிரம்பியிருப்பதாகக் காட்டியது, ஆளில்லாத வீட்டில் மின்சார மீட்டர் ஓடுவது போல.

உண்மையில் மாமனாரின் ஃபோல்டர்கள் அத்தனையும் உள்ளேதான் இருந்தன. வைரஸ் அவற்றை அழிக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து மட்டும் வைத்திருந்தது. ஒரே ஒரு வரி கட்டளை தட்டியிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். இதை இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்வார்கள். அன்று நான் இன்ஜினியர். மறைந்திருப்பது வைரஸ்தான் என்று முடிவு செய்து, அந்த டிரைவை ஃபார்மேட் போட்டேன். எல்லாம் போய்விடும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அந்த வீட்டில் என்னை எதிர்த்துக் கேள்வி கேட்ட முதல் ஆள் அதுதான். சம்மதம் என்றேன்.

அதன் பிறகுதான் மாமனாரின் வேலையெல்லாம் நினைவுக்கு வந்தது. போட்டோவெல்லாம் எங்கே என்று தேட ஆரம்பித்தேன். தேடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போன் அடித்தது, அத்தை ‘ஐயோ’ என்று அலறினார்.

மாமனாருடைய மில் சிநேகிதர் கலியபெருமாள் விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். இரண்டு பேரும் பதினாறு வருடம் ஒரே ஷிப்ட்டில் வேலை பார்த்தவர்கள். மாமனார் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

“மாப்ள, நான் அங்க போயே ஆவணும். நாலு மணிக்கு எடுக்கறாங்க. நீங்கதான் பேனர் பண்ணணும். அவன் போட்டோ எடுத்துக்கவே மாட்டான். போன வருஷம் அவன் பொண்ணு கல்யாணத்துக்கு இந்த ஸ்டூல்ல ஒக்காரவெச்சி நானே ஒண்ணு எடுத்தேன். அது ஒண்ணுதான் இருக்குது. அவன் பேர் போட்ட ஃபோல்டர்ல பாருங்க.”

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். ‘மாமா, ஃபோல்டர் இல்லை.’ மூன்று வார்த்தை. நான் இரண்டு வார்த்தையில் முடித்தேன்.

“சரி மாமா.”

எல்லோரும் இழவு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு, அழிந்த போட்டோக்களை மீட்டுத் தரும் ஒரு புரோகிராமை இறக்கி ஓடவிட்டேன். அது நன்றாகவே வேலை செய்தது. முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பெயர்தான் வரவில்லை. வெறும் நம்பர். மாலையும் கழுத்துமான மாப்பிள்ளைகள், மொட்டையடித்த குழந்தைகள், பல் தெரியச் சிரிக்கும் கட்சிக்காரர்கள். மூலக்குளம் முழுக்க நம்பராகி என் முன்னால் நின்றது. அதில் கலியபெருமாள் யார்? நான் அவரை வாழ்நாளில் பார்த்ததில்லை. என் கல்யாணத்துக்கு வந்திருந்தாராம். அன்று நான் யாரைப் பார்த்தேன்!

கவிதாவுக்கு போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம்.

“கவி, அவரு பாக்க எப்பிடி இருப்பாரு?”

“யாரு?”

“கலியபெருமாள் மாமாதான்.”

“அதான் போட்டோ இருக்குதேங்க, பாருங்க.”

“பாத்துட்டேன். சும்மா கேட்டேன்.”

இழவு வீட்டிலிருக்கும் புது மனைவியிடம் செத்தவர் அழகைச் சும்மா விசாரித்த ஒரே கணவன் நானாகத்தான் இருப்பேன். அவள் குரலைத் தாழ்த்தி, “மீசை வெச்சிருப்பாரு. மூக்குக் கண்ணாடி. முன்னால கொஞ்சம் வழுக்கை. இன்னாங்க ஆச்சி உங்களுக்கு?” என்றாள்.

மீசை, கண்ணாடி, முன் வழுக்கை. தேடிப் பார்த்தால் புதுச்சேரியில் ஐம்பது தாண்டியவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். வடிகட்டி வடிகட்டி எட்டுப் பேருக்குக் கொண்டுவந்தேன். மணி பன்னிரண்டு. தட்டாஞ்சாவடிக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மாமனாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஃபோல்டர் கதை வெளியே வரும். எதிர்வீட்டு டீக்கடை வேலுவை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன்.

வேலு கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ஆறாவது முகத்தில் நின்றார். “இது அவருதான். அந்த மூக்கு எங்க போனாலும் தெரியும். கொஞ்சம் சின்ன வயசு போட்டோ போல.”

அது ஏதோ ஸ்டூடியோவில் எடுத்த பழைய படத்தை ஸ்கேன் செய்தது மாதிரி இருந்தது. கடை ஸ்டூல் எங்கும் தெரியவில்லை. அது என் கண்ணில் படத்தான் செய்தது. பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். முகத்தை வெட்டி, வட்டத்துக்குள் வைத்து, ரோஜா மாலை போட்டு, கீழே கலியபெருமாள் என்று கொட்டை எழுத்தில் பெயர் அடித்து அனுப்பினேன். நன்றாக வந்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், இரண்டு முறை பெரிதாக்கி ரசித்தேன்.

மூன்று மணிக்குக் குளித்துவிட்டு இழவு வீட்டுக்கு நடந்தேன். தெருமுனையில் என் பேனர் காற்றில் விம்மிக்கொண்டு நின்றது. அதன் அடியில், மளிகைக்கடை ஓரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். மீசை, கண்ணாடி, முன் வழுக்கை. பேனரைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். மறுபடி பேனரைப் பார்த்தேன். காலையிலிருந்து நான் மாலை போட்டு விளக்கேற்றிய முகம் அது, கொஞ்சம் நரை கூடியிருந்தது, அவ்வளவுதான்.

அவர் கலியபெருமாளின் தம்பி மூர்த்தி. அடுத்த தெருவில் வீடு. அண்ணனோடு ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. காரணமும் ஒரு பேனர்தான். அம்மா இறந்தபோது வைத்த கண்ணீர் அஞ்சலியில் பேரன் பேத்தி வரை எல்லோர் முகமும் இருந்தது, தம்பி முகம் இல்லை. அழுகையில் போட்டோ கொடுக்க மறந்துவிட்டது என்றார் அண்ணன். கூடப் பிறந்தவனை மறப்பானா என்றார் தம்பி. (அந்த பேனர் எங்க கடையில அடிச்சது இல்ல. அத மட்டும் அழுத்தமா சொல்லிக்கிறேன்.) அன்று காலையிலிருந்து சொந்தக்காரர்கள் இரண்டு முறை போய்க் கூப்பிட்டும், அவர் தெருமுனையைத் தாண்டி வரவில்லையாம். போகவும் இல்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. நான் பார்த்தது, வில்லியனூர் பக்கமிருந்து வந்த வேனிலிருந்து இறங்கிய ஓர் அம்மாளை. பேனரைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டார். “டேய் மூர்த்தி! நீயுமாடா போயிட்ட? ஒரே நாள்ல ரெண்டு பேருமாடா?” என்று கதறியவர், திரும்பியபோது மூர்த்தியே எதிரில் நிற்பதைப் பார்த்து, அப்படியே மளிகைக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அதுவரை அண்ணன் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்ற மூர்த்தி அப்போதுதான் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏழு வருடம் மிதிக்காத தெருவுக்குள் விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மேளம் நின்றது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் கத்தினார். “எவன்டா என் போட்டோவ போட்டது? உசுரோட இருக்கறவன சாவடிக்கிறீங்களா? செத்தும் பழி தீத்துக்கிறானா உங்கப்பன்?”

கலியபெருமாளின் மகன் குமரன் எதுவும் புரியாமல் எழுந்தான். இழவு வீடு அடிதடி வீடாகப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு மனிதரை அனுப்பிவைக்கும் கடைசி மணி நேரம். அதை நான் நாசம் செய்துவிட்டேன். நான்தான் செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இந்தத் தடவை வாயில் கேசரியும் இல்லை.

மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “மூர்த்தி, இன்னா போட்டோ?”

“தெருமொனையில போய்ப் பாரு. ஸ்டூடியோவில எடுத்தது. அம்மா வூட்டு பீரோவுல இருந்த போட்டோ. உன் கடைக்கு அத எவன் குடுத்தான்? நான் குடுக்கல.”

மாமனார் என் பக்கம் திரும்பினார். ஒரு பார்வைதான். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. பிறகு மூர்த்தியின் தோளில் கை வைத்தார்.

“உங்கண்ணன்தாம்பா குடுத்தான்.”

“பொய் சொல்லாத.”

“இவன் மேல சத்தியமா.” ஐஸ் பெட்டியைத் தொட்டார். “பொண்ணு கல்யாண பேனர்ல சித்தப்பான்னு போடணும்னு அவனே எடுத்தாந்தான். ‘தம்பி வரேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், மொத எடத்துல போடு’ன்னான். மண்டபத்துல பேனர் கட்டுற நாள் வரைக்கும் ‘தம்பி சொல்லிட்டானா’ன்னு கேட்டுட்டிருந்தான். நீ வரல. அப்பறமா, போட்டோவ எடுத்துடட்டுமாடான்னேன். ‘வாணாம், இருக்கட்டும். அடுத்த விசேஷத்துக்கு ஆவும்’னான்.”

மூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். பெட்டிக்குள் இருந்த முகத்தை முதன்முறையாகக் குனிந்து பார்த்தார். “ஒரு போன் பண்ணக்கூடாதாடா” என்றார். குமரன்தான் பிடித்து உட்காரவைத்தான். நான் ஷாமியானா கம்பத்தின் பின்னால் நின்று அழுதேன். பயமும் வெட்கமும் துக்கமும் கலந்து வந்த அழுகை அது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பேனரை அவிழ்த்தார்கள். கலியபெருமாள் படமே இல்லாமல் நாலு மணிக்குக் கிளம்பினார். முன்னால் தோள் கொடுத்தவர் மூர்த்தி.

வீட்டுக்கு வந்ததும் மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபார்மேட், நம்பர், டீக்கடை வேலு, தரகர் சொன்ன இன்ஜினியர் வரை. திட்டுவார் என்று காத்திருந்தேன். மாப்பிள்ளையைத் திட்ட அந்த மனிதருக்குத் தெரியவில்லை. பதினான்கு வருட உழைப்பை வெறும் நம்பராகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில், “சாப்டீங்களா மாப்ள?” என்று கேட்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நான் டிராக்டர் கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். அடுத்த பன்னிரண்டு நாள் இரண்டு பேரும் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். அவர் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்வார், நான் தட்டுவேன். இது இன்னார் மருமகள், இது அந்தக் கோடி வீட்டு எலக்ட்ரீசியன். பன்னிரண்டாம் நாள் ஒரு முகத்தில் அவர் விரல் நின்றது.

“இதோ இருக்கான் பாருங்க.”

ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார் கலியபெருமாள். போட்டோவுக்காகக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அன்று கண்ணாடி இல்லாத முகம் எதையும் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் படத்தில் பேனர் அடித்தோம். கீழே துக்கத்தில் வாடுவோர் வரிசையில் முதல் முகம் மூர்த்தி. அதே ஸ்டூடியோ படம்தான், மாலையை மட்டும் எடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாம்பாருக்கு உப்பு ஒழுங்காக விழுகிறது. நான் யாரையாவது செல்போனில் படம் எடுக்கப் போனால், “கொஞ்சம் நேரா நில்லுங்க, எதுக்கு ஆவும்னு தெரியாது” என்று அத்தை குரல் கொடுப்பார். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று யார் சொன்னாலும் கவிதா முதலில் என் கையைப் பிடித்துக்கொள்வாள். மூலக்குளத்தில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. வைரஸ் எடுத்த மாப்பிள்ளை என்றால் வழி காட்டுவார்கள்.

மூர்த்தி மாமாவுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. நான் ஊருக்கு வந்திருப்பது தெரிந்தால் கடைக்கு வந்துவிடுவார். அதே ஸ்டூலில் உட்கார்ந்து வேலு கடை டீயைக் குடிப்பார். போன மாதம் வந்தபோது, முகம் ரொம்ப மாறிவிட்டது, புதிதாக ஒரு படம் எடுத்து வைக்கலாமே என்று மெல்லச் சொன்னேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“அந்த போட்டோ இருக்குதில்ல மாப்ள?”

“இருக்குது மாமா. உங்க பேர்லயே வெச்சிருக்கேன்.”

“எனக்கும் அதையே போட்ருங்க. அண்ணன் எடுத்தாந்து குடுத்தது.”